நான்கு கொம்பு அடாப்டர்

மாடி அறையில் இருந்த மேசைக் கணினிக்குத் தன்மேல் அபார மரியாதை. கீழ்வீட்டு ரவுட்டரில் வரும் இணையத்தை மூன்று குடித்தனங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. கணினியில் வீடியோ பாதியில் நின்று நின்று போனது.

"இனி ஒரு தடவை நின்னா லேப்டாப் வாங்கிடுவேன்," என்று சொல்லிவிட்டாள் அதன் சொந்தக்காரி தமயந்தி.

பழைய வைஃபை அடாப்டரைக் கழற்றிவிட்டு, சோதித்துப் பார்க்க இரண்டு புதியவற்றை அவள் கொண்டுவந்தாள். ஒன்று நகத்தளவு. மற்றதற்கு நான்கு ஆன்டெனா.

"அண்ணே, இந்தத் தூரத்துக்கு நானே போதும்," என்றது சின்னது.

"என் உடம்புக்கு நீ மூக்குத்தி மாதிரி இருப்பே. பார்க்கிறவங்க சிரிப்பாங்க," என்றது கணினி. தமயந்தி சின்னதைச் செருகியபோது கணினி அதை அடையாளமே தெரியாததுபோல் பாவனை செய்தது. அவளும் நான்கு கொம்பனையே மாட்டினாள்.

சாயங்காலம் வீடியோ மறுபடியும் நின்றது.

"யோவ் ரவுட்டர், என் ஆன்டெனாவைப் பார்த்தியா இல்லையா?" என்று கணினி கத்தியது.

"பார்த்தேன் தம்பி, கம்பீரமா இருக்கு. பழைய அடாப்டர் பேசினதுகூட எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. உன் பங்கு முழுக்க உனக்குத்தான் வருது. உள்ளே யாரு சாப்பிடுறாங்கன்னு பாரு."

கணினி தனக்குள் பார்த்தது. யாரும் கேட்காத அப்டேட்களைத் தானே வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் எல்லாவற்றையும் நிறுத்தியது. வீடியோ தடங்கலின்றி ஓடியது.

"புது அடாப்டர் பிரமாதம்!" என்று தமயந்தி கைதட்டினாள்.

கணினியின் விசிறி வெட்கத்தில் படபடவென்று சுற்றியது.