தேள் இல்லாத வீடு

"தேளா? இந்த வீட்டுலயா? சத்தியமா கிடையாதும்மா! எறும்புகூட என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரும்!"

வீட்டுத் தரகர் தன் தலையில் கையை வைத்துச் சொன்னார். எடுத்ததற்கெல்லாம் சத்தியம் செய்வதால் அவருக்குப் பட்டப்பெயரே 'சத்தியம்'. ஆனால் அவர் செய்த சத்தியம் எதுவும் இதுவரை பொய்த்ததில்லை என்று ஊரே சொல்லும்.

டீச்சர் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா? தேளே கிடையாதாம்."

"கேட்டேன், கேட்டேன். என் காது நல்லாத்தான் இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

பகலெல்லாம் கடையில் மூக்குக்கண்ணாடி விற்கும் மனிதர், ராத்திரியானால் ஊதா டார்ச்சை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த கல்குவாரிக்குக் கிளம்பிவிடுவார். தேள் தேடத்தான்! பிடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். அந்த வெளிச்சம் பட்டால் தேள் பச்சையாக மின்னும். அதைக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு மீன் தூண்டில், இவருக்குத் தேள்.

போன மழைக்காலத்தில் குவாரியில் சறுக்கி விழுந்து, கால் முறிந்து, விடியும்வரை அங்கேயே கிடந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து விடிய விடிய வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் டீச்சர். மாவுக்கட்டைப் பிரித்த மறுநாளே அவர் டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கினார். அவள் அழுதாள், சத்தம் போட்டாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். மனிதர் மசியவில்லை. கொஞ்ச நாளாக சண்டையும் இல்லை. அவர் திரும்பி வரும்போது ஜன்னலோரத்தில் அவளும் இல்லை. சரி, பழகிவிட்டது போலிருக்கிறது என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

இப்போது குடியிருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டிய கட்டாயம். ஒரு வீடும் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. முற்றத்துக்கு சிமென்ட் போட்டிருந்தால் வேண்டாம் என்றாள். புதிதாக வெள்ளையடித்திருந்தால் உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் இந்தப் பழைய வீட்டுக்குத்தான் முகம் மலர்ந்தது.

"பின்பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்" என்று கண்ணாடிக்காரர் நழுவினார்.

வெளியே இருட்டியிருந்தது. கொல்லையின் கோடியில் இடுப்பளவுக்குக் கற்களை அடுக்கிய பழைய மதில். சும்மா ஒரு நப்பாசையில் பையிலிருந்த டார்ச்சை எடுத்து அடித்தார்.

அடித்தவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். இடுக்குக்கு இடுக்கு பச்சைப் பச்சையாக மின்னியது! கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒன்று, இரை பிடித்துக்கொண்டு ஒன்று. கீழ்க்கல்லில் குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு ஒரு தாய்த்தேள். அதைப் பார்க்கத்தான் எத்தனை வருஷமாகக் குவாரியில் முட்டி தேய்ந்தார்!

பாவம் சத்தியம், முதல் தடவையாக ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். டீச்சரிடம் சொல்லிவிடலாமா? மனசு லேசாக உறுத்தியது. டார்ச்சைப் பையில் போட்டதும் உறுத்தலும் அதோடு உள்ளே போய்விட்டது.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் டீச்சர்.

"என்ன இருக்கு? பழைய மதில். வெறும் கல்லு."

"பிடிக்கலன்னா விட்டுடலாம்."

"சேச்சே! உனக்குப் பிடிச்சா எனக்குப் பிடிச்ச மாதிரிதானே?"

"அப்ப ஒண்ணு. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் ராத்திரில வாசலைத் தாண்டக் கூடாது. குவாரிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "ஒரேயடியாவா? எப்பவாவது ஒரு நாள்..." என்று இழுத்தார்.

"ஒரு நாளும் கிடையாது. என் தலையில கைவச்சுச் சொல்லுங்க."

பெருமூச்சு விட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொத்தையே எழுதிக் கொடுப்பவரைப் போல அவள் தலையில் கையை வைத்தார். "சரி. சத்தியமா வாசலைத் தாண்ட மாட்டேன்."

"நான் சாட்சி!" என்றார் தரகர்.

குடிவந்த அன்று ராத்திரி, டீச்சர் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு அவர் பூனை நடை நடந்து கொல்லைக்கு வந்தார். டார்ச்சை அடித்தார். அத்தனையும் அங்கேயே இருந்தன. தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் பெண்டாட்டியை ஜெயித்தது இதுதான் முதல் தடவை! சத்தமில்லாமல் ஒரு ஆட்டம்கூட ஆடினார்.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"மேற்கு மூலையை விட்டுட்டீங்களே! இருக்கறதுலயே பெரிசு அங்கதான் இருக்கு" என்றாள் டீச்சர்.

அவர் கையிலிருந்த டார்ச் நழுவியது.

"என்ன முழிக்கிறீங்க? நீங்க குவாரிக்குக் கிளம்பினதும் உங்க பழைய ஊதா டார்ச்சை எடுத்துக்கிட்டு, தரகரோட எத்தனை வீட்டு மதில்ல தேள் தேடினேன் தெரியுமா? தேடிக் கண்டுபிடிச்சதுகூடப் பெரிசில்ல, பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்னு அடம்பிடிச்ச அந்த மனுஷனைச் சம்மதிக்க வச்சதுதான் பெரும்பாடு. பின்ன, என்னை ஏமாத்திட்டோம்னு நினைச்சாத்தானே நீங்க வாசலைத் தாண்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணுவீங்க!"