தேர் திரும்பும் மூலை

"துபாய்ல குந்திக்கினு பாக்குற நம்ம புள்ளைங்களுக்கு, அம்மன் கண்ணு இமைக்கிறது கூடத் தெரியணும், சொல்லிட்டேன்" என்றார் தேவநாதன்.

அவர் திருவிழாக் கமிட்டித் தலைவர். அம்மன் எப்போது கண் இமைத்தது என்று நான் கேட்கவில்லை.

நான் ராம்கி, திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன். கோயிலின் இணையதளத்தில் தேரோட்டத்தை நேரலையாகக் காட்டுவது அந்த ஊருக்கும் முதல்முறை, எனக்கும் முதல்முறை.

தேருக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த டாடா ஏஸ் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கேமரா, மடியில் லேப்டாப். சிக்னலுக்காக இன்டர்நெட் டாங்கிளை ஒரு மூங்கில் கழியின் உச்சியில் கட்டி வைத்திருந்தேன். அம்மனைக் கும்பிட்ட கையோடு சிலர் அதையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். அந்த வருடம் பிறந்த குழந்தைகளுக்குத் தேரன்றுதான் பெயர். தேர் நிற்கும் இடத்தில் தாய் குழந்தையை அம்மன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பெயரை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். அதுவரை அது வெறும் பாப்பாதான்.

வீடியோவுக்குக் கீழே, பார்ப்பவர்கள் எழுதும் இடத்தில் குவைத்திலிருந்தும் அபுதாபியிலிருந்தும் கும்பிடுகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. எல்லாரும் ஊரைப் போட்டே எழுதினார்கள். பொன்னி என்ற ஒருத்தி மட்டும் ஊரைப் போடவில்லை.

"அண்ணா, அம்மன் முகத்தைக் கிட்டக்க காட்டுங்க. பாப்பாவுக்குப் பேர் வைக்கணும்."

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. எங்கேயோ பத்தாவது மாடியில் ஒரு பெண், கம்ப்யூட்டர் முன்னால் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். எந்த நாடாக இருக்கும்? அங்கே இப்போது பகலா, விடியலா?

"எந்த ஊரும்மா?" என்று தட்டினேன்.

"முகம் காட்டுங்க போதும்ணா. போன வருசம் எங்க அக்கா புள்ளைக்கு முகத்தைப் பாக்காமலே வச்சோம்."

அதற்கு மேல் என்ன கேட்பது? ஆனால் தேர் ஓடும்போது முகத்தைக் கிட்டத்தில் பிடிக்க முடியாது. மாலைகள் ஆடும், குடை மறைக்கும். கடைசி மூலையில் தேர் நிற்கும்போதுதான் முடியும். அங்கே வடக்கே திரும்பிவிட்டால் பிறகு முகம் கிடையாது, முதுகுதான்.

அந்த மூலையில்தான் தேவநாதனுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். அதை விடாமல் எடுக்க வேண்டும் என்று அவர் காலையிலிருந்து என்னிடம் சொல்லாத நேரமில்லை. இருப்பதோ ஒரே கேமரா.

மூலை வந்தது. வண்டியை நேரே கொஞ்சம் முன்னால் விட்டு, நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை ஓரத்தில் நிறுத்தச் சொன்னேன். தேர் குலுங்கி நின்றது. மேளம் உச்சத்தில் இருந்தது. தேவநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துத் தலையைக் குனிந்தார்.

நான் அவர் தலைக்கு மேலே போனேன்.

மஞ்சள் பூசிய முகம். மூக்குத்தி. பெரிய கண்கள். திரை முழுவதும் அம்மன். என்னை அறியாமல் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"போடு கட்டை! ஜல்தி போடு!" என்று சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் கத்தினார். அதோடு மேளம் நின்றது. தேரைத் திருப்பும்போது அங்கே யாரும் பேச மாட்டார்கள். வடம் முறுகியது. அம்மன் முகம் மெல்ல வடக்கே திரும்பத் தொடங்கியது.

அப்போது மேளம் கேட்டது.

எதிரே மேளக்காரர்கள் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் என் முதுகுக்குப் பின்னால், கொல்லையைத் தாண்டி வந்தது. இன்னொரு தேரா என்று நினைத்தேன். உற்றுக் கேட்டேன். இதே மேளம். இதே அடி.

"போடு கட்டை! ஜல்தி போடு!"

அதே குரல். அது நான் அனுப்பியது. நேரலை என்று பெயர்தானே தவிர, இணையத்தில் ஏறிப் போய்ச் சேர அரை நிமிடம் ஆகும்.

திரும்பிப் பார்த்தேன். கொல்லைக்கு அந்தப் பக்கம் காலனி. கூப்பிடு தூரம். ஒரு வீட்டு வாசலில் ஸ்பீக்கரும் லேப்டாப்பும் வைத்து, சுற்றி நிறையப் பேர் கைகூப்பி நின்றிருந்தார்கள். தேர் அங்கே போவதில்லை. ரோடு சரியில்லை என்று தேவநாதன் காலையில் சொல்லியிருந்தார். என் வண்டி நின்றதே அந்த ரோட்டில்தான். அந்த வருடம் போட்ட தார் ரோடு.

கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தி இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தாள்.

"தமிழ்மொழி! தமிழ்மொழி! தமிழ்மொழி!"

அந்தக் குரலுக்கு இணையம் தேவைப்படவில்லை. வடம் பிடித்தவர்கள், தேவநாதன், எல்லார் காதிலும் அது விழுந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யார் வீட்டுக் குழந்தை என்று கேட்கவும் இல்லை.

பொன்னி எந்த ஊர் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.