வால்நுனி

மயக்க மருந்தின் வீரியத்தை அளக்க, மனிதர் என்றால் தோலைக் கத்தியால் கீறிப் பார்க்கிறார்கள். நாய் என்றால் வாலில் இடுக்கியைப் போடுகிறார்கள். அசைந்தால் மருந்து போதவில்லை. அசையாவிட்டால் போதும். வலித்ததா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

செவலை என்ற நாய் மயக்க மருந்து வரும் முகமூடிக்குள் மூச்சு விட்டபடி மேசையில் கிடந்தது. ஆய்வுக்கூடத்து நாய்களுக்குச் சோறு வைக்கும் பொற்கொடி அதன் தலையைத் தாங்கியிருந்தாள். அவள் தொட்டால்தான் அது முகமூடியை மாட்ட விடும். டாக்டர் அவளை உள்ளே விட்டதே அதற்காகத்தான். வாலின் அடியில் இடுக்கி இறுகியது. செவலை அசையவில்லை.

"அவ்ளோதான்டா செவல, முடிஞ்சிருச்சு," என்றாள் பொற்கொடி, பழக்கத்தில்.

இடுக்கிக்கு வெளியே நீண்டிருந்த வால்நுனி மெல்ல மேசையைத் தட்டியது.

"அசைஞ்சிருச்சு. மருந்து பத்தல," என்றார் டாக்டர்.

"வலியில இல்ல சார். நான் பேசுனேன்ல, அதுக்கு ஆட்டுது."

"எதுக்கு ஆட்டுனா என்னம்மா? அசைவு அசைவுதான்."

குமிழைத் திருகி மருந்தைக் கூட்டினார். கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடியும் இடுக்கியைப் போட்டார். வால் கிடந்தபடி கிடந்தது.

"இப்பக் கூப்பிடு."

"செவல."

ஒன்றுமில்லை.

"ம், இதான் சரியான அளவு." டாக்டர் நிறைவோடு கையுறையைக் கழற்றினார்.

பொற்கொடி வால்நுனியைப் பார்த்தபடி இன்னொரு முறை கூப்பிட்டாள். இந்த முறை அவளை யாரும் கூப்பிடச் சொல்லவில்லை.