வண்டியை விட்டு இறங்காத டிரைவர்

போதி மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுப் போன பெரியவரைக் காணவில்லை.

யாங்தென் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கைடு லைசென்ஸ் வாங்கிய பிறகு அவள் தனியாக அழைத்து வந்த முதல் விருந்தினர்கள் இவர்கள்தான். தாய்லாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற நீதிபதி சோம்போங், அவர் மகள் ரத்ரீ. புனாகா கோட்டைக்குள் நுழைந்ததுமே பெரியவர், படி ஏறியது போதும், நீங்கள் போய் வாருங்கள் என்று முன்முற்றத்திலேயே தங்கிவிட்டார். மகளுக்குப் பெரிய மண்டபத்தைக் காட்டிவிட்டு அரை மணியில் திரும்பினால், மரம் இருக்கிறது, மனிதர் இல்லை.

விருந்தினர் தனியே திரிவது தெரிந்தால் லைசென்ஸ் போச்சு. அதுகூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோட்டைக்கு இரண்டு பக்கமும் ஆறு, பனி உருகி வரும் மாதம் வேறு. எழுபத்தாறு வயது மனிதர் ஒரு பாசிக் கல்லில் கால் வைத்தால் முடிந்தது கதை.

ரத்ரீயை உள்ளே தேடச் சொல்லிவிட்டு, கால்வரை தொங்கிய கீரா உடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரப்பாலத்தில் ஓடினாள்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் அவர்களுடைய டிரைவர் நாம்கே, மார்பு வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு சீட்டில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மே மாத வெயிலில் கம்பளி! ஊருக்கு ஒரு சோம்பேறி இருப்பான், அவன் என் வண்டிக்கா வந்து வாய்க்க வேண்டும் என்று அவளுக்கு எரிந்தது.

"ஆப் நாம்கே, பெரியவரப் பாத்தீங்களா?" எரிச்சலிலும் மூத்தவர்களை அழைக்கும் 'ஆப்' வாயில் வந்துவிட்டது.

"வந்துடுவார் லா." மரியாதைக்குச் சேர்க்கும் அந்த 'லா'வுக்கு மட்டும் குறைச்சலில்லை.

"எங்க போனார்?"

"ஆத்துப் பக்கம். நீ போய் அந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு சாமி காட்டு."

யாங்தென் வண்டிக் கதவைத் தட்டினாள். வயதானவரைத் தனியாகவா விட்டீர்கள் என்று கத்தினாள். இறங்கி வாருங்கள், நீங்கள் மேல்பக்கம் பாருங்கள், நான் கீழ்ப்பக்கம் பார்க்கிறேன் என்று கெஞ்சியும் பார்த்தாள். மனிதர் கம்பளியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார்.

"என்னால இறங்க முடியாது லா. நீயும் அங்க போகாத."

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று அவள் ஆற்றுப் பக்கம் திரும்பவும், சுற்றுலாத் துறைச் சோதனை அதிகாரி எதிரே வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

எத்தனை விருந்தினர் என்று கேட்டார். இரண்டு பேர் என்றாள். எங்கே என்றார். ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று தொடங்கியவள் ஆற்றுப் பக்கம் பார்த்தாள். அதிகாரி அவள் கழுத்தில் தொங்கிய அட்டையை வாங்கிப் பேனாவைத் திறந்தார். இரண்டு முறை பரீட்சையில் தோற்று மூன்றாவது முறை வாங்கிய அட்டை அது.

வண்டிக் கதவு திறந்தது.

"சார், விருந்தினர் என் பொறுப்புலதான் இருக்கார். எழுதறதுன்னா என் பேர எழுதுங்க" என்றபடி நாம்கே இறங்கி வந்தார்.

யாங்தென் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பனியனும் அரை டிராயரும்தான் அவர் உடம்பில் இருந்தன. கோட்டைக்கு எதிரில், வேலை நேரத்தில், ஆண்கள் உடுத்தியே ஆக வேண்டிய கோ என்ற நாட்டு அங்கி இல்லாமல் ஒரு டிரைவர்!

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆப், உங்க கோ எங்க?"

"வெக்கை லா" என்றார் நாம்கே.

பக்கத்து வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆற்றோரப் பாதையில் பெரியவர் ஏறி வந்தார். மேலே நாம்கேயின் கோ. இடுப்புக் கச்சை கோணலாகக் கட்டியிருந்தது, ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. உயிரோடு வந்தாரே என்று யாங்தெனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாலத்தைக் கடந்து வந்த ரத்ரீ அப்பாவைக் கண்டதும் கை தட்டினாள். போனை எடுத்து நாலு படம் பிடித்தாள். இந்த உடை எங்கே கிடைத்தது என்று கேட்டாள். பெரியவர் முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாம்கே முந்திக்கொண்டார்.

"நான்தான் மேடம் கட்டிவிட்டேன். போட்டோவுக்கு ஆசைப்பட்டார். எனக்கும் ஏதாச்சும் கிடைக்குமேன்னு..." என்று இளித்தார்.

அதிகாரி யாங்தெனின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். நாம்கேயின் பெயரை எழுதிக்கொண்டு, நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொன்னார். நாட்டு உடையை டிப்ஸுக்கு வாடகை விடும் ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

யாங்தெனுக்கும் அதே எண்ணம்தான். கம்பெனியில் சொல்லி நாளைக்கே வேறு டிரைவரைக் கேட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள். விருந்தினர்கள் வண்டியில் ஏறியதும், நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பின்பக்கம் போனாள்.

நாம்கே டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் முதுகுக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுவந்த பை. அதற்குள் அவருடைய பேன்ட்டும் உள்ளாடையும் நனைந்து சுருண்டு கிடந்தன. ஆற்றில் அலசியும் வாடை முழுதாகப் போயிருக்கவில்லை.

கேட்க வந்த நாலு வார்த்தையும் அவளுக்கு மறந்துபோயின.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே ஆப்" என்றாள் மெல்ல.

"யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு என் கையப் புடிச்சுக்கிட்டார் லா. பெத்த பொண்ணு எதிர்ல அவர் அந்தக் கோலத்துல நிக்கிறதுக்கு, ஊர் எதிர்ல நான் அரை டிராயரோட நின்னுட்டுப் போறேன்."