பதினாலாம் பாத்தி

“அந்த சிடியைத் தபால்ல போடாதேம்மா, சொன்னாக் கேளு” என்றார் திருநாவுக்கரசு. மதுராந்தகத்தை அடுத்த நெல் ஆராய்ச்சிப் பண்ணைக்குத் தலைவர் அவர்.

அங்கே வேலை பார்க்கும் ஜெபா உறைகளில் முகவரி எழுதுவதை நிறுத்தவில்லை. “ஆறு ஆராய்ச்சி நிலையத்துக்கும் போவுது சார். வயல் நோட்டுல எழுதின அத்தனை அளவும் அதுல இருக்குது.”

“அதைப் பார்த்தா, பதினாலாம் பாத்திக்கும் பதினஞ்சுக்கும் பெயர்ச்சீட்டு மாறிப்போனது எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.”

“தெரியட்டும் சார். உப்பைத் தாங்கும்னு நாம எழுதின நெல்லு தாங்காது. சுனாமித் தண்ணி நின்ன கோவளத்து நெலத்துல அதை நம்பி சனங்க நாத்து வுட்டா இன்னா ஆவும்?”

“அடுத்த வருஷம் பக்குவமாச் சொல்லிக்கலாம்.”

“அதுவரைக்கும் அவங்க இன்னாத்த சாப்புடுவாங்க?”

“அந்த நெல்லைப் பத்திக் கட்டுரை எழுதினவங்க கதியை நினைச்சியா? வாங்கின பட்டத்தையே பிடுங்கிடுவாங்க.”

“பிடுங்கட்டும். நீங்க உத்தரவே போட்டாலும் அனுப்பத்தான் போறேன் சார்.”

திருநாவுக்கரசின் குரல் இறங்கியது. “எனக்கென்னம்மா, ரெண்டு மாசத்துல ஓய்வு. அது உன் கட்டுரை. உங்க தெருவுலயே முதல் டாக்டர் பட்டம் உனக்கு அதுலதானே வந்தது?”

“சீட்டை மாத்தி நட்டதும் என் கைதான் சார். ஆண்டவர்கிட்ட காலையிலேயே சொல்லிட்டேன். இனிமே ஊருக்குத்தான் சொல்லணும்.”

அவர் நாற்காலியை அவள் மேஜையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உறைகளுக்குத் தபால்தலை ஒட்டத் தொடங்கினார்.