கட்டுப் போட்ட விரல்

"காயமே இல்லையே, எதுக்குக் கட்டு?" என்றாள் அழகுராஜாவின் மனைவி காளீஸ்வரி.

"சுத்து! காரு காரியாபட்டி தாண்டிருச்சாம்." அழகுராஜா விரலை அவளிடம் நீட்டினான்.

திருச்சுழிப் பக்கத்துத் திருவிழாக் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசிப்பவன் அவன். போன மாதம் யூடியூப்பில் அவன் போட்ட, வாசிப்பவர் முகம் தெரியாத மூன்று நிமிட ஆர்மோனிய ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, அவன் தெய்வமாக நினைக்கும் வித்வான் தெய்வநாயகமே பொன்னாடையோடு மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"சந்தோசப்படாம இப்படி வேர்த்துக் கொட்டுறீகளே?"

"வாசிச்சுக் காட்டச் சொன்னா நான் என்ன செய்வேன்?"

அவள் குனிந்து கட்டின் முடிச்சை இறுக்கினாள்.

வாசலில் கார் நின்றது. உள்ளே வந்த பெரியவர் முதலில் பார்த்ததே அந்தக் கட்டைத்தான்.

"விரலுக்கு என்ன தம்பி?"

"கதவுல நசுங்கிருச்சுங்கய்யா."

பெரியவர் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அழகுராஜாவால் தாங்க முடியவில்லை. கட்டைப் பிடுங்கி எறிந்தான்.

"அய்யா, மன்னிச்சிருங்க. அதை வாசிச்சது நான் இல்ல. என் பேரைப் போட்டுக்கிட்டேன். எல்லாரும் பாராட்டவும் உண்மையச் சொல்லப் பயந்துட்டேன்."

"தெரியும்" என்றார் பெரியவர். "வாசிப்புக்கு நடுவுல கண்ணாடி வளையல் சத்தம் கேட்டுச்சு. அந்த வளையல் போட்டவங்களப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

காளீஸ்வரி சட்டென்று இரு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அழகுராஜா ஆர்மோனியத்தைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தான்.