நரி விலகிப் போன இடம்

செம்மறிகள் மேயும் குன்றிலிருந்து இரவில் எங்கள் தோட்டத்துக்கு இறங்கும் விலங்குகளைக் கேமரா படம் பிடிக்கும். காலையில் தேநீரோடு நானும் என் மனைவி நெரிஸும் பார்ப்போம். புல்வெளியில் ஓரிடத்தை மட்டும் நரியும் முள்ளெலியும் சுற்றிக்கொண்டு போகும். அங்கே எதுவும் இல்லை. என் அண்ணன் இட்வல் சாகும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து அவற்றைப் பார்த்த இடம் அது. நாற்காலியைப் போன வருடமே எரித்துவிட்டோம்.

"உங்க அண்ணனுக்கு இன்னும் எழுந்திரிக்க மனசு வரல" என்பாள் நெரிஸ்.

நாளை எனக்கு இதய அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிப் பை வாசலருகே தயாராக இருந்தது.

இன்றைய படத்தில் நரி இன்னும் தள்ளி விலகிப் போனது, பக்கத்தில் இரண்டாவது நாற்காலி கிடப்பதுபோல. பின்னால் வந்த முள்ளெலியும் அப்படியே போனது.

"அண்ணனுக்குப் பேச்சுத்துணை கிடைச்சாச்சு போல" என்று சிரித்தேன்.

நெரிஸ் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பையைத் திறந்து, என் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கத் தொடங்கினாள்.